வர்த்தமானி வழியே வரும் இராணுவம்

“நாட்ட ஒரு அஞ்சு வருஷத்துக்கு ஆமிக்கிட்டக் குடுத்துப் பாக்கணும் தம்பி. அப்பதான் எல்லாரும் ஒழுங்குக்கு வருவாங்க.”

ஒருகொடவத்தைச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் தேநீர்க் கடையில் கடைக்கார நானா இதைச் சொன்னது 2025 டிசம்பர் முதல் வாரம். தித்வா புயல் கொட்டிய மழையில் களனி கங்கை கரைமீறி, வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கமெல்லாம் மூழ்கி, தண்ணீர் அப்போதுதான் வடியத் தொடங்கியிருந்தது. வெல்லம்பிட்டியில் இருக்கும் தன் வீட்டிலிருந்து நனைந்த மெத்தைகள் இரண்டைத் தூக்கிவந்து கடை மதிலில் சாத்தியிருந்தார் நானா. அவற்றிலிருந்து சொட்டிய பழுப்புத் தண்ணீர் வடிகானைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்திலிருந்து வந்த கொள்கலன் லொறிகள் சுங்கத் தரிப்பிடத்துக்காக வரிசை பிடித்து நின்றன. வெள்ளமோ புயலோ, இந்தச் சந்தியில் அந்த வரிசை மட்டும் கலைவதில்லை.

நானாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடக்க முடியாத அவருடைய உம்மாவை மேல்மாடி யன்னலால் இறக்கிப் படகில் ஏற்றியவர்கள் சீருடைக்காரர்கள். சோறு பள்ளிவாசலில் சமைத்தது, படகு படையினருடையது. கிராம சேவகரும் வந்தார், ஆனால் அவர் கையில் இருந்தது ஒரு கைபேசியும் நனைந்த பெயர்ப் பட்டியலும்தான். அரசியல்வாதிகள் தண்ணீர் வடிந்த பிறகு வந்தார்கள். இத்தனையையும் கண்ணால் பார்த்தவருக்கு வேலை தெரிந்தவன் ஆமிக்காரன்தான் என்று தோன்றாமல் வேறென்ன தோன்றும்?

அந்தப் படகு ஏன் படையினரிடம் இருந்தது, கிராம சேவகரிடம் ஏன் இல்லை என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். 2023 ஜனவரியில் அன்றைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பிரமித பண்டார தென்னகோன் ஒரு கணக்குச் சொன்னார். தரைப்படையின் ஆளணி 2,00,783. அதை 2024இல் 1,35,000 ஆகவும் 2030இல் 1,00,000 ஆகவும் குறைப்பதாகத் திட்டம். போர் முடிந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு, நாடு வங்குரோத்து என்று அறிவித்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்துக் கணக்கு இது. கடற்படையும் விமானப்படையும் இதில் சேர்த்தி இல்லை. இரண்டு லட்சம் பேருக்குச் சம்பளமும் சாப்பாடும் லொறியும் படகும் கொடுத்துவிட்டு, பிரதேச செயலகத்துக்கு வரும்போது பெட்டியைத் தட்டிக் காட்டினால், வெள்ளத்தன்று யார் கெட்டிக்காரராகத் தெரிவார்?

நானாவின் ஆசையும் புதிதில்லை. 1962இல் கொழும்பின் கனவான்கள் சிலர் அதே ஆசையோடு திட்டமே போட்டார்கள்.

அந்த ஆண்டு ஜனவரி 27, சனிக்கிழமை இரவு. தொண்டர் படையின் கேர்ணல் எப்.சி. டி சேரம், பிரதிப் பொலிஸ்மா அதிபர் சி.சி. திசாநாயக்க, அதே பதவியிலிருந்து ஓய்வுபெற்ற சிட்னி டி சொய்சா, முன்னாள் கடற்படைத் தளபதி ரொய்ஸ் டி மெல் ஆகியோர் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசை ஒரே இரவில் கவிழ்க்க ஆயத்தமானார்கள். அமைச்சர்களையும் இடதுசாரித் தலைவர்களையும் விடிவதற்குள் கைது செய்வது ஏற்பாடு. அது நடக்கவில்லை. திட்டத்தை அறிந்த பொலிஸ் அத்தியட்சகர் ஸ்டான்லி சேனாநாயக்கவிடமிருந்து சேதி அவருடைய மாமனாரான பாராளுமன்ற உறுப்பினர் பி. டி எஸ். குலரத்னவுக்கும், அவரிடமிருந்து அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவுக்கும் போனது. ஆக, அன்றிரவு இந்நாட்டு ஜனநாயகத்தைக் காப்பாற்றியது அரசியலமைப்பு அல்ல, ஒரு குடும்பத்துக்குள் நடந்த பேச்சு.

இவர்களுக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. 1958 மே மாதக் கலவரத்தில் அரசு அவசரகால நிலையை அறிவித்து நாட்டை ஆளுநர் நாயகம் சேர் ஒலிவர் குணதிலக்கவிடமும் சீருடைக்காரர்களிடமும் விட்டுக்கொடுத்தது. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகம் இருந்தபோது, ஏப்ரலில் அவசரகால நிலையோடு கேர்ணல் ரிச்சர்ட் உடுகம தலைமையில் படை அங்கே அனுப்பப்பட்டது. வீதியில் உட்கார்ந்திருந்த ஆண்களையும் பெண்களையும் அகற்றுவது இராணுவத்தின் வேலை என்று மந்திரிகளே பழக்கிக் கொடுத்தார்கள். கச்சேரியை நடத்தத் தெரிந்தவனுக்கு அலரி மாளிகையை நடத்துவது பெரிய காரியமா என்று அடுத்த வருடம் சிலர் நினைத்திருந்தால் அதில் ஆச்சரியம் என்ன?

பிறகு நடந்ததைத்தான் நாம் பேசுவதே இல்லை. குற்றம் சாட்டப்பட்ட 24 பேரில் சிங்களவர், தமிழர், பறங்கியர் மூன்று சாராரும் இருந்தார்கள், பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். இவர்களைத் தண்டிப்பதற்கென்றே பாராளுமன்றம் 1962இல் ஒரு விசேட சட்டத்தை நிறைவேற்றியது. நடந்து முடிந்த குற்றத்துக்கு முன்திகதியிட்டுத் தண்டனை வகுத்தார்கள். குறைந்தது பத்து வருடச் சிறை, சொத்துப் பறிமுதல். சாட்சிய விதிகளைத் தளர்த்தினார்கள். வழக்கை விசாரிக்கும் மூன்று நீதியரசர்களை அமைச்சரே பெயர் குறிக்கலாம் என்றும் எழுதிக்கொண்டார்கள். அப்படிப் பெயர் குறிக்கப்பட்ட மூவர் ரி.எஸ். பெர்னாண்டோ, எல்.பி. டி சில்வா, பி. ஸ்ரீஸ்கந்தராசா. அவர்கள் ஆசனத்தில் அமர்ந்து, எங்களை நியமிக்க அமைச்சருக்கு அதிகாரம் கிடையாது என்று தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்து போனார்கள். தன் நியமனத்தையே செல்லாது என்று சொன்ன நீதிமன்றங்களை உலகில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சட்டத்தைத் திருத்தி, வேறு ஆயம் வைத்து, 1965 ஏப்ரலில் 11 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அந்த டிசம்பரில் லண்டனில் பிரிவிக் கவுன்சில் என்ற கோமறைக் கழகம் அத்தனை பேரையும் விடுவித்தது. குறிப்பிட்ட சில ஆட்களைக் குறிவைத்துச் சட்டம் செய்து நீதிமன்றத்தின் வேலையைப் பாராளுமன்றம் எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் காரணம். சதி செய்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஜனநாயகத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் அதன் முதுகெலும்பை முறிக்கப் பார்த்ததற்குக் கிடைத்த கூலி அது. பாடம் படித்தார்களா? படித்தார்கள், வேறு பாடம். 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது. 1972 அரசியலமைப்பு, நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று ஆக்கியது. படைக்குள் கிறிஸ்தவர்களும் தமிழர்களும் தேய்ந்துபோய், அது ஏறக்குறைய ஓர் இனத்தின், ஒரு மதத்தின் படையாக மாறியது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்காத அந்தச் சதிக்கு நாம் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதே 1962இல், கொழும்புச் சதி பிசகி 34 நாள் கழித்து, மார்ச் 2ஆம் திகதி பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அங்கே பிசகவில்லை. நானாவின் ‘குடுத்துப் பாக்கணும்’ என்ற சொல் என்னைத் துரத்துவது பர்மாவால்தான். ஏனென்றால் பர்மியர்கள் உண்மையிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். 1958இல் பிரதமர் ஊ நூ தன் கட்சி உடைந்தபோது நே வின்னைக் கூப்பிட்டு இடைக்கால அரசை நடத்தச் சொன்னார். இராணுவம் ரங்கூனைக் கூட்டித் துடைத்தது, சேரிகளை நகருக்கு வெளியே தள்ளியது, விலைவாசியை அதட்டியது. ஊர் மெச்சியது. 1960இல் தேர்தல் வைத்துச் சொன்ன சொல் தவறாமல் திருப்பிக் கொடுத்தது. இரண்டே வருடத்தில் கேட்காமல் எடுத்துக்கொண்டது. பிறகு அங்கிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் கடையையும் காணியையும் விட்டுக் கப்பலேறினார்கள். அவர்களில் தமிழர் எத்தனை பேர் என்பதைச் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு எதிரே இருக்கும் பர்மா பஜாரில் கேட்கலாம். 2021 பெப்ரவரியில் மியன்மார் இராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பறித்தது. பாகிஸ்தானில் 1977இல் 90 நாளில் தேர்தல் என்று வந்த சியா உல் ஹக், 1988இல் விமானம் விழுந்து சாகும்வரை நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

இலங்கையில் அப்படி எதுவும் நடக்கவில்லையே என்பார்கள். ஆசியாவின் மூத்த ஜனநாயகங்களில் ஒன்று, 1931இலிருந்து சர்வசன வாக்குரிமை, ஒருநாளும் வானொலியில் அணிவகுப்பு இசை போட்டு ஜெனரல் பேசியதில்லை. எல்லாம் சரிதான். எங்கள் ஊரில் இராணுவம் ஆட்சியைப் பிடிப்பதில்லை. தேர்தலில் வென்றவர்கள் அதைத் துண்டு துண்டாக நறுக்கி, வர்த்தமானியில் சுற்றி, இராணுவத்தின் கையில் கொடுக்கிறார்கள்.

1979 ஜூலையில் பிரிகேடியர் வீரதுங்கவை யாழ்ப்பாணம் அனுப்பிய ஜே.ஆர். ஜெயவர்த்தன, டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிடும்படி எழுத்தில் கட்டளையிட்டார். பல்பொருள் அங்காடியின் வருட இறுதி மலிவு விற்பனைக்குத்தான் இப்படித் திகதி போடுவார்கள். அதே மாதம் தற்காலிகம் என்று சொல்லி வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், மூன்று ஆண்டுக் கெடு முடிந்த 1982இல் நிரந்தரமானது. அந்த டிசம்பரிலேயே பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு வைத்துப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டிக்கொண்டார்கள். அடுத்த ஜூலை என்ன நடந்தது என்று தமிழ் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒருகொடவத்தைக்கு வருவோம். 1995 ஒக்டோபர் 20 அதிகாலை கொலன்னாவையிலும் இங்கேயும் எண்ணெய்த் தாங்கிகளை விடுதலைப் புலிகள் தாக்கினார்கள். பகல் வானம் கறுத்துக் கிடந்தது, கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் கரி படிந்தது. அதற்குப் பிறகு கொழும்புத் தமிழனின் வாழ்க்கை இரண்டு காகிதத்துக்குள் அடங்கியது: அடையாள அட்டை, பொலிஸ் பதிவு. பதிவுப் படிவம் சிங்களத்தில் இருக்கும். வீட்டில் யார் யார், எந்த ஊர், கொழும்புக்கு வந்த நோக்கம் என்ன என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். என் அப்பா கொழும்பிலேயே பிறந்தவர். நோக்கம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறந்ததை எந்த நோக்கத்தில் சேர்ப்பது? கடைசியில் எதிரே இருந்த பொலிஸ்காரர் சலித்துப்போய், ‘ரஸ்ஸாவ’ என்று எழுதச் சொன்னார். தொழில். அப்பா அப்போது ஓய்வுபெற்று நான்கு வருடம்.

இதை நான் மனக்குறையாகச் சொல்லவில்லை. புலிகளின் குண்டில் செத்தவர்களும் இந்த நகரத்து மக்கள்தான். சோதனையே கூடாது என்று அன்று சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் ஓர் அரசால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை 2007 ஜூன் 7 காட்டியது. விடியுமுன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளின் கதவுகள் தட்டப்பட்டன. கடவுச்சீட்டுக்காக, வெளிநாட்டு விசாவுக்காக, ஆஸ்பத்திரிக்காக வந்து தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரைப் பையோடு பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் தங்க உரிய காரணம் இல்லையாம். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். பஸ்கள் சில திரும்பி வந்தன. ஒரு நீதிமன்றமும் ஒரு வழக்கறிஞரும் மட்டும் மிச்சமிருந்தாலும் என்ன செய்யலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அந்த ஜூன் 8. நானாவின் அஞ்சு வருஷத் திட்டத்தில் அந்த நீதிமன்றம் திறந்திருக்குமா?

போர் முடிந்த பின் கதை விசித்திரமாகப் போனது. 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணமும் வன்னியும் மட்டக்களப்பும் சரத் பொன்சேகாவுக்கு வாக்களித்தன. எட்டு மாதத்துக்கு முன்பு தங்கள் மீது போர் நடத்திய இராணுவத் தளபதிக்கு! ஜனநாயகம் திரும்ப வேறு கதவு தெரியாதபோது மக்கள் எந்தக் கதவையும் தட்டுவார்கள் போலும். தோற்ற பொன்சேகாவைப் பெப்ரவரி 8ஆம் திகதி இராணுவப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே ஆண்டு நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. கொம்பனித் தெருவில் மியூஸ் வீதி வீடுகளை இடிக்கும்போது சுற்றி நின்றவர்கள் சிப்பாய்கள். ஒருகொடவத்தை, வனாத்தமுல்லை, தெமட்டகொடைத் தோட்டத்து மக்களின் வீடு வாசலைத் தீர்மானிப்பது பாதுகாப்புச் செயலாளரின் வேலையாயிற்று. காங்கேசன்துறையில் இராணுவம் ஹோட்டல் நடத்தியது. கொழும்பில் மரக்கறி விற்றது. 2011 மே மாதம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளைத் தலைமைத்துவப் பயிற்சி என்று முகாம்களுக்கு அனுப்பினார்கள். 2013 ஓகஸ்ட் முதலாம் திகதி வெலிவேரியாவில் குடிக்க நல்ல தண்ணீர் கேட்டுத் தெருவில் இறங்கிய சிங்களக் கிராமத்தவர் மீது துப்பாக்கி திரும்பியது. மூன்று பேர் செத்தார்கள். வடக்கில் பழகிய கை தெற்கிலும் அப்படித்தான் இயங்கும்.

கோட்டாபய ராஜபக்ஷவின் காலத்தை ‘இராணுவ ஆட்சி’ என்று எழுதினால் 69 லட்சம் பேர் வாக்களித்து வந்தவர் என்று பதில் வரும். வாஸ்தவம். அந்த வாக்கின் பலத்தில்தான் சுகாதார அமைச்சின் செயலாளர் மேஜர் ஜெனரல், விவசாய அமைச்சின் செயலாளர் மேஜர் ஜெனரல், நுகர்வோர் அதிகார சபைத் தலைவர் மேஜர் ஜெனரல், இந்தச் சந்தியில் லொறிகள் காத்து நிற்கும் சுங்கத்துக்கும் பணிப்பாளர் நாயகம் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். கொவிட்டுக்குத் தளபதி சவேந்திர சில்வா. ‘ஒழுக்கமான சமூகம்’ உருவாக்கப் பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன தலைமையில் ஒரு செயலணி. 2021 ஓகஸ்டில் அரிசிக்கும் சீனிக்கும்கூட ஒரு மேஜர் ஜெனரல் ஆணையாளரானார். நெல் ஆலை முதலாளியைத் துப்பாக்கி காட்டிப் பணிய வைக்கலாம். டொலர் எங்கே பணியும்? இரசாயன உரத்தை ஒரே கையெழுத்தில் நிறுத்தியது படையினர் அல்ல. ஆனால் கட்டளையிட்டால் வயல் விளையும் என்ற நம்பிக்கை முகாமில் வளர்ந்தது. குறுக்கே பேசுகிறவன் ஒருவனும் இல்லாத மேசையில்தான் அந்த மாதிரி முடிவு எடுக்க முடியும்.

முடிவை நாங்கள் பெற்றோல் வரிசையில் பார்த்தோம். 2022 மார்ச்சில் வரிசையில் நின்ற முதியவர்கள் சுருண்டு விழுந்து செத்தபோது, அரசுக்குத் தெரிந்த ஒரே மருந்து எரிபொருள் நிலையத்துக்குச் சிப்பாய் அனுப்புவது. கொலன்னாவையிலிருந்து ஒரு பவுசர் வெளியே வந்தால் இந்தச் சந்தியிலேயே முச்சக்கர வண்டிகள் அதன் பின்னால் ஓடும், எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க. ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்த ஜூலை 9 கதை ஊருக்கே தெரியும். ஜூலை 13 அதிகாலை கோட்டாபய விமானப்படை விமானத்தில் மாலைதீவு போனார். அன்று முப்படைத் தளபதிகளும் பொலிஸ்மா அதிபரும் அடங்கிய குழுவிடம், ஒழுங்கை நிலைநாட்ட வேண்டியதைச் செய்யச் சொல்லிவிட்டார் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க. ஒரு சிவிலியன், அதுவும் சட்டம் படித்தவர், தட்டில் நாட்டை வைத்து நீட்டினார். தளபதிகள் அதை எடுக்கவில்லை. காலிமுகத்திடல் நிறைய மனிதர்கள் நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம். ரணில் பாராளுமன்றத்தில் 134 வாக்கு எடுத்து ஜனாதிபதியாகத் தெரிவாகி இரண்டு நாள் கழித்து, ஜூலை 22 விடியுமுன் அதே காலிமுகத்திடலுக்குப் படை அனுப்பப்பட்டது. அந்த ஜூலையில் அவர் பிரகடனம் செய்த அவசரகால நிலை அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்புச் சொல்ல 2025 ஜூலை ஆகிவிட்டது. மூன்று வருடம் தாமதமான தீர்ப்புத்தான். ஆனாலும் எழுத்தில் இருக்கிறது.

இன்றைக்கு ஆள்வது பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஒழிப்போம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதியவர்கள். 1971இலும் 1987–89இலும் இந்த அரசின் படைகளிடம் தங்கள் தோழர்களை இழந்த கட்சி அவர்களுடையது. படை என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் தித்வா வந்தபோது நவம்பர் 28ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க கைநீட்டி எடுத்தது 1947ஆம் ஆண்டுப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை. 2005இல் சுனாமிக்குப் பிறகு அனர்த்த முகாமைத்துவச் சட்டம் என்று ஒன்றை இதற்காகவே நிறைவேற்றி அலமாரியில் வைத்திருக்கிறோம். வெள்ளத்தில் மீட்க வந்தவரைத் தடுக்க யாரும் நிற்கவில்லை. பிறகு எதற்கு அந்தப் பழைய சாட்டை? கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை, பழக்கம். 1958இலிருந்து ஒவ்வொரு அரசுக்கும் மேசையில் முதலில் கைபடும் இடத்தில் அந்தச் சட்டம் இருக்கிறது.

மாகாண சபைகள் 2017க்கும் 2019க்கும் இடையில் ஒவ்வொன்றாகக் காலாவதியாகி, ஆளுநர்களின் கையில் கிடக்கின்றன. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போய், 2025 மே 6இல் நடந்தது. ஜனநாயகம் திரும்புவது என்றால் எனக்கு இந்த மாதிரிச் சில்லறை விஷயங்கள்தான் கண்ணில் படுகின்றன: வாய்க்காலைத் துப்பரவாக்கும் நகர சபை, கேள்வி கேட்கும் உறுப்பினர், படகு வைத்திருக்கும் பிரதேச செயலகம். இவை பார்வைக்கு அழகாக இருக்காது. கூட்டத்தில் கத்துவார்கள், கொந்தராத்தில் களவெடுப்பார்கள், பிடிபடுவார்கள், அடுத்த முறை தோற்பார்கள்.

இதையெல்லாம் நானாவிடம் இப்படிச் சொல்லவில்லை. பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டேன். “நானா, கொரோனா நேரம் உங்கட மச்சான் மவுத்தானாரே…”

கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரிவரை கொவிட்டில் இறந்த முஸ்லிம்களையும் எரித்தார்கள். மச்சானின் ஜனாஸாவைக் குடும்பத்தவர் பார்க்கவும் இல்லை. குழாயை மூடினார். கையைச் சாரத்தில் துடைத்தார். வெளியே லொறி வரிசை ஓர் அடி நகர்ந்து மறுபடி நின்றது.

“அது ஆமி செஞ்ச வேல இல்ல தம்பி,” என்றார். “கெசட் வந்திச்சி. செஞ்சாங்க.”